நீ சிரித்துக்கொண்டு சாகவில்லை

புதுப் புத்தகத்தின் பசை வாசனை உனக்கு அவ்வளவு பிடிக்கும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்த அந்தக் கசப்பு நெடி. அட்டையைப் பிரித்து மூக்கை உள்ளே நுழைத்து, "பூச்சிக்கு விஷம், நமக்கு விருந்து" என்பாய். இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அதே நெடி அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன். புத்தகம் உன் புருஷன் எழுதிய நாவல். "அன்புச் சகோதரிக்கு, உங்கள் தோழியின் நினைவாக" என்று தன் கையால் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தார்.

எப்படிப் படித்தேன் என்று கேட்கிறாயா? நீ பழக்கிவிட்டபடிதான், கடைசி அத்தியாயத்தை முதலில்.

மிஷன் போர்டிங் பள்ளியில் நாவல் என்றாலே சாத்தானின் வேதம். பாதிரி அய்யர் பிரசங்கத்திலேயே அதைச் சாடுவார். நாம் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் உறையை மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து படிப்போம். எந்த நாவல் கைக்கு வந்தாலும் நீ முதலில் கடைசியைத்தான் திருப்புவாய். "செத்தாளா, இருக்காளா?" என்று நான் கேட்பேன். செத்திருந்தால் மூடி என் மடியில் போட்டுவிடுவாய். "கொண்டுபோய்க் குடுத்துடுடி. இவ சாவுக்கு நான் எதுக்கு முந்நூறு பக்கம் நடக்கணும்? வாய் இருக்கிற பொண்ணை என்ன செய்யறதுன்னு இந்த ஆம்பளைங்களுக்குத் தெரியல. அதான் கொன்னுடறாங்க."

உன்னோடு படித்தபின் எனக்கு எந்த எழுத்தாளரிடமும் பயபக்தி வரவில்லை. நீ போன இந்த மூன்று வருஷத்தில் வந்ததை எல்லாம் படித்துவிட்டேன். ஒன்றில் கதாநாயகன் கதர் கட்டிக்கொண்டு பெண்டாட்டியிடம்கூடப் பொதுக்கூட்டத்தில் பேசுவது போலவே பேசுகிறான். அவள் அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்ல இடம் கிடைக்காமல் நிற்கிறாள். இன்னொன்றில் விதவைக்கு மறுமணம் என்று பெரிதாகக் கொடி பிடிக்கிறார் ஆசிரியர். கல்யாணத்துக்கு முதல் நாள் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது, பெண்ணுக்குக் காலராவைக் கொடுத்துவிட்டார். துப்பறியும் கதை ஒன்று. கொலைகாரன் யாரென்று நாய்க்குட்டிக்குக்கூட முதலிலேயே தெரிகிறது, போலீசுக்குத்தான் தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அதில்தான் ஒரு பெண் கடைசிவரை உயிரோடு இருக்கிறாள். உனக்குப் பிடித்திருக்கும்.

உன் புருஷனின் நாவலுக்கு வருகிறேன். கதாநாயகிக்குச் சாந்தவதி என்று பேர். கர்த்தாவே, நீ சாந்தவதியாம்! பால்காரன் தண்ணீர் கலந்தால் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போனவள் நீ. அவர் எழுதியிருக்கும் பெண் வாயைத் திறப்பதே "தங்கள் சித்தம்" என்று சொல்லத்தான். அவளுக்குக் காசநோய் வருகிறது. முகம் வாடிய தாமரையாகிறது. கணவன் மதனப்பள்ளிப் பக்கத்துச் சானடோரியத்துக்கு அழைத்துப்போகிறேன் என்று கெஞ்சிக் கதறுகிறான். அவளோ அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "தங்களைப் பிரிந்து பிழைப்பதைவிடத் தங்கள் மடியில் மரிப்பதே பாக்கியம்" என்கிறாள். பிறகு வேறொரு பெண்ணை மணந்துகொள்ளும்படி வேண்டிக்கொண்டு, புன்னகையோடு கண்ணை மூடுகிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் ஒரு பூசணித் தோட்டத்தையே மறைத்துவிட்டார்.

நான் அப்போது கோலார் தங்கவயலில் இருந்தேன். உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினாய். வந்து பார்த்தபோது நீ பாயோடு பாயாகக் கிடந்தாய். முகம் தாமரையாக எல்லாம் இல்லை. கண் குழிந்து, உதடு வெடித்து, உன் மேலேயே உனக்குக் கோபமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாடி, நான் இப்போ கதாநாயகி ஆயிட்டேன். இருமிட்டேன் இல்ல? இனி கடைசி அத்தியாயம்தான்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். சானடோரியத்துக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்தாராம், வந்து சரி என்று சொன்னால் தானே இடம் வாங்கி அனுப்புவதாகவும் சொன்னாராம். நீயும் கேட்டாயாம். கேட்கக் கேட்க, உன் புருஷன் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றாராம். காசநோய் என்று ஊர் பேசுமே, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே, வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக் கொடுக்க வேண்டுமே. நான் அதே டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் உன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார். அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். உன் புருஷன் இல்லை. நீ புன்னகைக்கவில்லை. "எனக்குச் சாக இஷ்டமில்லடி" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் இங்கே கண்டோன்மென்டில், நம் கோயில் மண்டபத்தில், வாசக சங்கத்தார் அந்த நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ரோஜா மாலை, ஆர்மோனியம், எல்லாம். பேசியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள். தலைமை வகித்த பெரியவர் என் பக்கம் திரும்பி, "நீங்கதானம்மா நெருங்கின சிநேகிதி. ஒரு வாசகியா உங்க அபிப்பிராயத்தை ஒளிக்காம சொல்லணும்" என்றார். ஒளிக்காமல் என்று அவரே சொன்னபின் நான் என்ன செய்ய?

எழுந்தேன். "எழுத்து நல்லா இருக்கு. சாவுதான் பொய்யா இருக்கு" என்றேன். "இதுல புருஷன் கெஞ்சறான், பொண்டாட்டி மாட்டேங்கறா. நடந்தது அப்படி இல்ல. என்னை அனுப்புங்கன்னு கேட்டவ அவ. அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொன்னது யாருன்னு எழுதினவரே சொல்லட்டும்."

ஆர்மோனியக்காரர் துருத்தியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முந்தானையை இழுத்து, "சும்னே, பேசாம உக்காரு, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார். உன் புருஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சகோதரி துக்கத்துல பேசறாங்க. இது கற்பனை. நாவல்தானே?"

"கற்பனைன்னா எதுக்குங்க அவ பேருக்குச் சமர்ப்பணம்?"

ஆர்மோனியத்தை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். இனி அந்தச் சங்கத்தில் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஸாகு, போதும் விடு.

கூட்டம் முடிந்து பின்பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றாள். உனக்குப் பின் அவர் கட்டிக்கொண்டவள். நீ போய் ஆறு மாதத்தில் வந்தவள். அவளை நான் வெறுத்து வைத்திருந்தேன், மறைக்கவில்லை. அவள் குரல் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, வேற ஒருத்தியைக் கட்டிக்கச் சொல்லி மூத்தவங்களே வேண்டிக்கிட்டாங்கன்னுதான் எங்க வீட்டுல சொல்லிக் கட்டிக் குடுத்தாங்க. அவங்க நிஜமா என்ன சொன்னாங்க?"

சொன்னேன். நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் நின்றவள் கை போல அந்தக் கை காய்ந்து சுட்டது.

"என்னம்மா, உடம்பு கொதிக்குது?"

"சாயங்காலமானா ஜுரம் வருதுக்கா. அவர்கிட்ட சொன்னேன்." குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் பார்க்கலாம்னாரு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. உன் வீட்டு வாசலில் ஜட்கா வண்டியை நிறுத்தினேன். அவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். "எங்கே?" என்றார். "டாக்டர்கிட்ட" என்றேன். எழுந்துகூட நிற்கவில்லை, "சரி" என்றார். அவ்வளவுதான். அந்தச் "சரி"யைத்தான் உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

லேடி டாக்டர் அவள் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார், சளியைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். காசம் இல்லை, மலேரியா என்றார். கொயினா மருந்து கொடுத்து அனுப்பினார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இப்போதெல்லாம் அவள் ஞாயிறுதோறும் என்னிடம் புத்தகம் கேட்டு வருகிறாள். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். எந்த வீட்டில் எந்தப் பெண் இருமினாலும் நான் போய் நிற்கிறேன். வாயாடி, அடுத்த வீட்டு வம்பு என்கிறார்கள். சொல்லட்டும்.

அன்று ஜட்கா திரும்பும்போது எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் பயந்துபோய், "ஒண்ணுமில்லன்னுதானேக்கா சொன்னாங்க, ஏன் அழறீங்க?" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல? உன் வாசலிலிருந்து டாக்டர் வாசலுக்கு இவ்வளவு தூரம்தானடி. குதிரைக்கு வியர்க்கக்கூட இல்லை.