பவளத்திட்டு நம்மை ஏற்றுக்கொண்டதா என்பது குறித்து

கடல் வற்றாதிருக்க! உப்பு குறையாதிருக்க! வெண்குடை சாயாதிருக்க! ஏழு தீவு கொண்டருளிய, அவற்றுள் ஏழும் இன்று கையில் இல்லையெனினும் பட்டத்தை மட்டும் விட்டருளாத வேழப்பாடிப் பெருங்கோவின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் வெண்காடர் எழுதுவிக்கும் ஓலை. துறைமுகத்தில் படையோடு காத்திருக்கும் கலத்தலைவர் ஆதன் கொற்றனார் கண்டு மகிழ்க.

செய்தி யாதெனில், முன்பு நம் ஆட்சியில் இருந்த பவளத்திட்டில் குளத்து நீர் குறித்து இரண்டு ஊரார்க்குள் சச்சரவு என்று கேள்வியுற்று, அத்தீவைக் காத்தருள நம் அரசு திருவுளம் கொண்டது. அழைப்பு ஏதும் வரவில்லை. வரவேண்டிய அழைப்பு வழியில் தாமதப்பட்டிருக்கும் என்று அவையோர் தெளிந்தனர். தீவார் நம்மை ஏற்றால் கொடி நாட்டவும், மறுத்தால் போரிடவும் தாங்கள் புறப்படுவதென்றும், இரண்டில் எதுவென்று அறிந்துவரத் தூதர் இளம்பூதியார் முன்னே செல்வதென்றும் முடிவாயிற்று.

இளம்பூதியார் இளமையில் அங்கே அதிகாரியாயிருந்தவர். நம் கொடி இறங்கிய நாளில் கரை முழுதும் நின்று கதறியழுததைக் கண்டவர். அதை ஒவ்வொரு விருந்திலும், சரியாகப் பாயசம் வரும் நேரத்தில், சொல்லித் தாமும் கண்கலங்குபவர். இந்தப் படையெடுப்பே அந்தக் கண்ணீரை நம்பித்தான்.

பட்டுக்குடையும் சரிகை அங்கியுமாக அவர் கரையிறங்கியதுதான் தாமதம், ஊரே திரண்டு வந்து காலில் விழுந்ததாம். பல்லக்கில் ஏற்றி மாலை சூட்டினர். கோழிக்கும் வரி விதிக்க வேண்டும், கொட்டாவிக்கும் வரி விதிக்க வேண்டும் என்று கைகூப்பி மன்றாடினர். தூதர் மனமுருகி, இப்போதைக்குக் கோழிக்கு மட்டும் போதும் என்று அருளினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டது. அதை அவர் பக்தியென்று கொண்டார். பின்னர் அதே மரியாதையோடு அவரைத் தூக்கித் துடுப்பில்லாப் படகொன்றில் வைத்து, பெண்டிர் மாரடித்து அழ, கடலுக்குள் தள்ளிவிட்டனர்.

நடந்தது பட்டாபிஷேகமா வெளியேற்றமா என்று, அலையில் சுற்றிச் சுற்றி மிதந்தபடி தூதர் சிந்தித்தார், துணிய இயலவில்லை. மாலையில் கயிறு கட்டி இழுத்துப்போக வந்த மீன்காரி வேலாச்சிதான் விளக்கினாள். நம் ஆட்சி நீங்கிய நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனராம்; ஒருவருக்கு அதிகாரி வேடமிட்டு, வணங்கி, ஓட்டிவிடுவதே விழாவாம். வழக்கமாக வேடங்கட்டும் நாவிதர் சடையனுக்கு இவ்வாண்டு காய்ச்சலாம்.

"நல்ல வேளை வந்தீங்கண்ணே! குடையெல்லாம் அசலாட்டமே இருக்கு" என்றாளாம். தாம் மெய்யான தூதரேயென்று இவர் சத்தியம் செய்ய, "அய்ய, சடையனும் வருசா வருசம் இதையேதான் சொல்லுவாரு" என்று சிரித்தாளாம். அப்படியாயின் அன்று கரையில் ஏன் அழுதீர்கள் என்று கேட்கப்போனார். "எங்க உழவு மாட்டையெல்லாம் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனானுங்களே, அதுக்கு அழாம?" என்றாளாம். அதன்பின் இவர் பட்டுக்குடையை மடக்கிக் கீழே வைத்தார். அவள்தான் விடவில்லை: "ஒரே கொறைண்ணே. தள்ளிவிடறப்ப நீங்க அழவே இல்ல. சடையன் தேம்பித் தேம்பி அழுவாரு. அடுத்த வருசம் பாத்துக்குங்க."

இதைக் கேட்டு அவை குழம்பியது. வணங்கினர், ஆகவே ஏற்றனர். தள்ளினர், ஆகவே மறுத்தனர். மறுபடி வரச்சொன்னனர், ஆகவே என்னவென்று எவர்க்கும் விளங்கவில்லை. இவ்வோலை எழுதுவிக்கும் அமைச்சருக்கும் விளங்கவில்லை. முடிவில் பெருங்கோ மொழிந்தருளியதாவது: ஆண்டுக்கொரு பகல் நம் அதிகாரி அங்கே வணங்கப்படுவதால் தீவு மீண்டும் நம்முடையதே, நாளில்தான் குறைவு, ஆட்சியில் குறைவில்லை.

ஆதலால் கலங்களிலிருந்து ஈட்டிகளை இறக்குக. கொடித்துணியைத் தையற்காரரிடம் தருக. தூதரின் அங்கி உப்புநீரில் சுருங்கிவிட்டது. வரும் ஆண்டு அதே நாளில் அவரைத் தீவில் சேர்ப்பிக்க ஒரு கலம் ஆயத்தமாகுக. உழவு மாடுகளையும் ஏற்ற வேண்டுமெனத் தூதர் கேட்கிறார். அதைப் பற்றி அவை இன்னும் பேசவில்லை.

இது அரச முத்திரை. இதில் உள்ளது யானை. பன்றியென்று சொல்வோர் தண்டம் இறுப்பர்.

முத்திரைக்குப் பின் சேர்த்தது: அழுகை பயிற்றுவிக்க நாடக ஆசான் ஒருவரைத் தூதர் இல்லத்துக்கு அனுப்பினோம். வேண்டியதில்லை, தானாகவே வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.