புனோம்பென் கோயில் வாசலில்

பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கக் கருவாட்டு வாசனை. புனோம்பென்னில் என்னோடு தையல் லைனில் இருந்த அந்த ஊர்க்காரி சோப்பியா, கிளம்புகிற அன்று பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்த மீன் அது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ இருந்திருந்தால் முதலில் சட்டியை அடுப்பில் வைக்கச் சொல்லியிருப்பாய்.

நம் கம்பெனி கம்போடியாவில் ஷூ தைக்கிற யூனிட் ஒன்று போட்டிருக்கிறது. பார்த்துவர என்னைக் கொஞ்ச நாள் அனுப்பினார்கள். இப்போது இரண்டு வருஷம் அங்கேயே இருந்து லைனைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். "நாளைக்குக் காலைல யெஸ்ஸா நோவான்னு சொல்லிடும்மா" என்றார் மேனேஜர். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். தயங்குவது நான்தான். ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன் பக்கத்து மிஷினிலேயே உட்கார்ந்து பழகியவள். போன ரம்ஜானுக்கு முன்னால் காமாலை வந்து நீ இறந்துபோனாய். அதற்குப் பிறகு கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சொந்த ஊரிலேயே இந்த லட்சணம் என்றால், பாஷை தெரியாத ஊரில் யாரோடு பேசுவேன்?

விமானத்தில் போகும்போதும் இதே பயம்தான். இறங்கி வெளியே வந்தால் முகத்தில் அறைந்தது நம் சித்திரை வெயில். வாசலில் நின்ற வண்டியும் நம் ஊர் ஆட்டோ போலவே இருந்தது. ஆனால் ஆட்டோக்காரர் ஹாரனே அடிக்கவில்லை. கண்ணுக்கு எட்டியவரை பைக்குகள். ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல், ஒருத்தரை ஒருத்தர் திட்டாமல் நழுவிப் போகிறார்கள். பட்டப்பகலில் பெண்கள் பூப்போட்ட பைஜாமாவோடு மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாம் தெருமுனைக் கடைக்குப் போனதற்கே முறைத்த உன் மாமியார், அங்கே வந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆற்றங்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டால் பாலத்துக்கு ஓடுகிறவர்கள் நாம். அங்கே தலைநகரத்துக்கு நடுவிலேயே கரை நிறைய ஓடுகிறது, யாரும் நின்றுகூடப் பார்ப்பதில்லை. "குடுத்து வெச்ச ஜனங்கடி" என்று நீ பெருமூச்சு விட்டிருப்பாய்.

நம் ஊர்க்காரர்களின் வியாதி உனக்குத் தெரியும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்போம். பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாண மண்டப வாசலில் யாரோ கழற்றிவிட்ட ஷூவைத் தூக்கி, திருப்பி, அடிப்பாகத்தை வளைத்து, உள்ளே மோந்தும் பார்த்துவிட்டு, "லெதரே இல்லடி இது. ஜாஸ்தி துட்டு குடுத்து ஏமாந்திருக்கான் பாவம்" என்றாய். அந்தப் பாவம் நமக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

புனோம்பென்னில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்பியா என்னைப் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். படிக்கட்டு ஓரமாகச் செருப்புகள் வரிசையாக இருந்தன. நடுவில் பளபளவென்று ஒரு பழுப்பு ஷூ. அவள் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். என் கை சும்மா இருக்குமா? எடுத்தேன், திருப்பினேன், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாட்ச்மேன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். நாலு பேர் கூடிவிட்டார்கள். திருட்டுப் பட்டம் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஷூவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாவது என்னைக் காப்பாற்றியிருப்பாய்.

சத்தம் கேட்டு சோப்பியா ஓடிவந்தாள். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஷூவை வாங்கினாள். கீழே வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளும் திருப்பினாள். அடிப்பாகத்தை வளைத்தாள், உள்ளே மோந்தாள். குதிகாலுக்கு மேலே தையல் விட்டுப்போயிருந்த இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டி, புருவத்தைத் தூக்கினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள், கடைசியில் வாட்ச்மேனும் சிரித்துவிட்டார். நீ போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அறைக்கு வந்ததும் அழுதேன். உன் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டேனோ என்று மனசு உறுத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று நடந்ததை எல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. உன்னிடம்தான் சொன்னேன், வாய்விட்டு. நான் எங்கே போய்வந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்காருவாயே. "நல்லா இருந்துச்சின்னு ஒத்த வார்த்தைல முடிக்காத. ஒண்ணு உடாம சொல்லு" என்பாய். இன்றைக்கும் எதைப் பார்த்தாலும் உனக்குச் சொல்வதற்காகத்தான் பார்க்கிறேன். இந்தக் கண் நீ கொடுத்தது. எந்த ஊருக்குப் போனாலும் என்னோடு வரும்.

காலையில் மேனேஜரிடம் "போகிறேன்" என்று சொல்லிவிடுவேன். இரண்டு வருஷம்டி. உன்னிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிடும்.