முப்பத்தேழு நிறுத்தங்களும் நான் அளந்த கதையும்

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாவது முறையாகப் பதவி உயர்வு இல்லை. ஒன்பது வருடமாக அதே முதுநிலை புரோகிராமர். மனைவி ஹைடியோடு நடத்தும் குடித்தனத்துக்கு அடுத்தபடியாக என் வாழ்க்கையில் நீடித்தது இந்தப் பட்டம்தான்.

மேலாளர் ஷார்லீன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஓரின், உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க என்ன செய்றீங்கன்னு யாருக்கும் தெரியல. தேர்வுக் குழுவுல உங்க பேரைச் சொன்னதும் ஒருத்தர், 'அந்த உயரமான ஆளா?'ன்னு கேட்டாரு."

நான் உயரமில்லை.

"செஞ்ச வேலையைக் கதையா சொல்லப் பழகுங்க" என்று ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

கதை சொல்லும் வகுப்பு. ஒரு நாயகன், ஓர் ஆபத்து, ஒரு திருப்பம் வேண்டுமாம். டேட்டாபேஸை மாற்றிய கதையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார் — எங்கள் டுலூத் ஊர் மரியாதைப்படி வாயைத் திறக்காமலே அதை மறைக்கப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு ஜனவரி சம்பவத்தை எடுத்தேன். கடுங்குளிரால் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்த நாள். பேருந்து நேரங்களைப் போடும் எங்கள் மென்பொருள் அந்த இரண்டு மணி நேரத்தை இரண்டு முறை கூட்டிவிட்டது. முப்பத்தேழு நிறுத்தங்களில் பிள்ளைகள் பனியில், பேருந்துகள் ஷெட்டில். பெற்றோர் கார்களில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. முதலில் "நாங்கள் தவறைக் கண்டுபிடித்தோம்" என்றேன். ஆசிரியை, "நாயகன் ஒருத்தர்தான்" என்றார். "நான் கண்டுபிடித்தேன்" என்று மாற்றினேன். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

கம்பெனி முழுவதும் கூடிய கூட்டத்தில் சொன்னேன். இருநூறு பேர். கைதட்டல்! அன்றைய குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. மேடையில் முப்பத்துநாலு ஆனது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் ஓநாய்களைக் கொண்டுவந்திருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

அலுவலக வராந்தாவில் ஆட்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறார்கள். துணைத்தலைவர் இந்த ஊர்ச் சிறப்பான காட்டரிசி சூப் குடிக்க அழைத்துப் போனார். எங்கள் குழுத் தலைவர் பதவிக்கு ஆள் தேடுகிறார்களாம். பட்டியலில் நானும், எங்கள் குழுவில் வேலை செய்யும் காலியா வாங் என்ற பெண்ணும்.

மார்ச் 12, புதன்

காலியா என் மேசைக்கு வந்தாள். அதிகம் பேசாதவள்.

"மேடையில நல்லா சொன்னீங்க ஓரின். நானே பதறிப்போயிட்டேன்."

"தேங்க்ஸ், காலியா."

"ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கதையில நான் எங்க இருந்தேன்? அன்னிக்கு லீவா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வேலையைத்தான் என் விண்ணப்பத்துல எழுதியிருந்தேன். 'அது ஓரின் செஞ்சதாச்சே'ன்னு ஷார்லீன் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

 கதை சொல்லும் வகுப்பில் இதற்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை.

மார்ச் 13, வியாழன்

இருபதே நிமிடத்தில் தவறைப் பிடித்தது அவள்தான். நான் அப்போது சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். புரோகிராம்ல அந்தத் தப்பு வரியை எழுதுனதே நான்தான். ரெண்டு வருஷம் முன்னால. வரிக்குப் பக்கத்துல என் பேர் இருக்கு. அவ பாத்திருப்பா. பாக்காம எப்படித் திருத்துவா? ஆனா அன்னிக்கு ஷார்லீன் வராத குழுக் கூட்டத்துல "ரெண்டு தடவ கூட்டுது, சரி பண்ணிட்டேன்"னு மட்டும் சொன்னா. என் பேர எடுக்கல. நான் என்ன பண்ணினேன்? அவ பேர எடுத்துட்டேன். சீ.

ஹைடியிடம் சொன்னேன்.

"நீ பொய் சொன்னியா, இல்ல நல்லா சொன்னியா?"

"ரெண்டும்."

"அப்ப ரெண்டையும் போய்ச் சொல்லு."

மார்ச் 20, வியாழன்

தேர்வுக் குழு. "அந்த ஜனவரி கதையைச் சொல்லுங்க, இவங்க அன்னிக்குக் கூட்டத்துக்கு வரல" என்று துணைத்தலைவர் உற்சாகமாக ஆரம்பித்துவைத்தார்.

சொன்னேன். தவறை எழுதியவன் நான், கண்டுபிடித்தவள் காலியா, குளிர் இருபத்தெட்டுதான்.  

"அப்ப மேடையில சொன்னது?" என்றார் துணைத்தலைவர்.

"அது வகுப்புல கத்துக்கிட்டது."

யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, மேடையில் கேட்ட இருநூறு பேருக்கும் இதையே மின்னஞ்சலில் எழுதினேன். 'அனுப்பு' பொத்தானுக்கு முன்னால் பதினோரு நிமிடம். ஒரு பேருந்து வந்துபோகும் நேரம்.

மார்ச் 21, வெள்ளி

அலுவலகச் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இடம் இருந்தது. தாராளமாக.

ஏப்ரல் 2, புதன்

காலியாவுக்குக் கிடைத்தது. எனக்கு நான்காவது முறையாக இல்லை. இனி அவள்தான் எங்கள் குழுத் தலைவி.

"நன்றி சொல்லணுமா, கோபப்படணுமான்னு இன்னும் தெரியல" என்றாள்.

"கோபமே படு."

"சரி. கொஞ்ச நாள் படறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு அடுத்த வார வேலையைக் கொடுத்தாள்.

"பரவாயில்ல ஓரின். இப்ப உங்களை எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஷார்லீன். ஆறுதலா, கிண்டலா, கேட்கவில்லை.

மே 21, புதன்

பணப்பட்டுவாடா குழுவிலிருந்து ஒருவர் காபியோடு என் மேசை அருகே சுற்றிச் சுற்றி நின்றார். முன்பின் பேசியதில்லை.

"எங்க புரோகிராம்ல ஒண்ணை உடைச்சிட்டேங்க. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட முதல்ல சொன்னா… எப்படி சொல்றதுன்னு…"

உட்காரச் சொன்னேன். இருவரும் பார்த்தோம், மதியத்துக்குள் சரியானது. அதை அவரே போய் அவருடைய மேலாளரிடம் சொன்னார்.

இப்படித் தன் தப்பைச் சொல்ல வந்தவர்களில் இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். என் மேசைக்கு இன்னொரு நாற்காலி வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். எதற்கு என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'வருகிறவர்களுக்கு' என்று எழுதினேன்.