கூரை தொடாத சுவர்

2006 செப்டம்பர் 12
கொழும்பிலிருந்து மதுரா என்று ஒருத்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்திருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, சித்திரம் படித்தவளாம். கொட்டகலை ஸ்டேசனில் எங்கள் லயத்தைப் போலவே வரிசையாகக் கதவுகள் வைக்கப் போகிறாளாம். ஒரு கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்காரரின் குரல் பேசுமாம். "ரயிலில போற சனத்துக்கு நீங்கள் இங்க இருக்கிறியள் எண்டு தெரியோணும் அக்கா" என்றாள். இத்தனை காலம் யார் கண்ணிலும் படாதவர்கள் இப்போது யாருக்குத் தெரிய வேண்டும்? எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15
நானும் பேசிக் கொடுத்துத் தொலைத்தேன். பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். பேச்சுவாக்கில் கொழும்பில் என் வீட்டுக்காரர் லோஜன் வேலைக்கு நிற்கிற கடை, தெரு எல்லாம் வாயில் வந்துவிட்டது. எனக்குப் புத்தி எங்கே போயிற்று!

செப்டம்பர் 16
கொழும்பில் நம் பையன்களைப் புலி என்று சந்தேகப்பட்டு பொலிஸ் ரவுண்டப்பில் அள்ளுகிறார்கள். கீழ் லயத்து நல்லமுத்து மாமாவின் மகனைப் பிடித்து, இன்னும் விடவில்லை. இந்த நேரத்தில் வீடு வீடாகக் குரல் வாங்க ஒருத்தி வருகிறாள் என்றால் — யார் அனுப்பியது?

செப்டம்பர் 18
என் பேச்சை அழிக்கச் சொன்னேன். மதுரா மறுபேச்சில்லாமல் கண்முன்னாலேயே அழித்தாள். இவ்வளவு லேசாக அழிக்கிறாள் என்றால் வேறெங்கோ ஒன்று வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

செப்டம்பர் 20
பக்கத்துக் காம்பராவில் வீரம்மா அக்காவிடம் ரெக்கோடரை நீட்டிக்கொண்டிருந்தாள். பொறுக்கவில்லை. என் அடுப்படியில் இருந்தே அக்காவிடம் கத்தித் தீர்த்தேன். நடுச்சுவர் கூரை வரை எட்டாது. இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அக்டோபர் 14
ஸ்டேசனில் கதவுகள் வைத்தாயிற்றாம். நான் போகவில்லை.

அக்டோபர் 20
லோஜன் தீபாவளிக்கு வந்துவிட்டார். ஸ்டேசனில் இறங்கியதும் கதவுகளைத் தட்டிப் பார்த்தாராம். வாசலிலேயே சிரிப்பு.
"நம்ம கதவு ஊமையா நிக்குது. வீரம்மாக்கா கதவத் தட்டுனா, அவங்க பின்னால நீ கத்துற!"
 கத்தினதில் கடைப் பெயரைச் சொன்னேனா என்று கேட்டேன்.
"இல்ல புள்ள" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 22
ஸ்டேசனுக்குப் போய் அக்காவின் கதவைத் தட்டிக் கேட்டேன். வீரம்மா அக்கா அட்டைக்கடி பற்றிச் சொல்கிறார். பின்னால் நான்: "பொலிஸ்ல கொண்டுபோயிக் குடுத்துட்டா, எம் புருஷன நீங்களாக்கா கூட்டியாந்து தருவீங்க? ஒரு நாளு போன் வரலன்னா எனக்கு உசுரே இல்ல!"
கொழும்பு ரயிலுக்கு நின்றவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மகன் இன்னும் திரும்பி வராத நல்லமுத்து மாமாவும் அங்கே இருந்தார். குரல் ஓய்ந்ததும் அவர் வந்து அதே கதவை மறுபடி தட்டினார்.
மதுரா ஓடி வந்தாள். "தெரியாமப் பதிஞ்சு போச்சு. அழிக்கட்டோ அக்கா?"
தெரியாமலா? நான் நம்பவில்லை. ஆனால் மாமா இன்னும் கதவில் கை வைத்தபடி நின்றார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 24
லோஜனை ரயில் ஏற்றிவிட்டு, என் ஊமைக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மதுராவைத் தேடிப் போனேன்.
"கடப் பேரு சொல்ல மாட்டேன். மத்ததெல்லாம் சொல்றேன். ரெக்கோடர எடு தங்கச்சி."