நாம் ஓடாத வியாழக்கிழமைகள்

என் அன்பு மச்சான் சேகருக்கு,

கொசுக்கடியில் வந்த டிங்கி காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. இதைச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் மெல்லிய விரிசலாம். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சிரித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு பேருக்கும் ரத்தத்தில் சீனி ஏறிவிட்டது, இனிப்புநீர் என்று டாக்டர் பயமுறுத்திய வருடம் ஓட ஆரம்பித்தோம். கிள்ளானில் நம் வீடுகளுக்குப் பக்கத்துத் திடலில், விடியற்காலையில், வாரத்துக்கு ஆறு நாள். வியாழக்கிழமை ஓட்டம் கிடையாது என்று சட்டம் போட்டவன் நீ. எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. லோரி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கிண்டல் செய்வேன்.

"ஓடுற நாள்ல உடம்பு தேயுது மச்சான், உக்கார்ற நாள்லதான் சரியாவுது. பேசாம வந்து உக்காரு லா" என்பாய்.

உன் வீட்டுக்கு வருவேன். என் தங்கை விமலா சீனி போடாத தேநீரும் அவித்த கடலையும் வைப்பாள். மூன்று பேரும் வேலைக்கு நேரமாகும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

நீ போனபின் நான் ஏழு நாளும் ஓடினேன். ஓடும்போது நாம் எப்போது பேசினோம்? நீ எப்போதும் எனக்கு முன்னால் போய்விடுவாய். இப்போதும் ஓடினால், அடுத்த வளைவில் நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்று நம்பலாம். உன் வீட்டில் உட்கார்ந்தால் அப்படி நம்ப முடியுமா? அதற்குப் பயந்துதான் மச்சான், வியாழக்கிழமையும் ஓடினேன். வலித்தபோதும் ஓடினேன்.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்னப் பெண். வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று கேட்டாள். ஒரு நாளும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஓடுறப்போ எலும்புல அடி விழும் அங்கிள். ரெஸ்ட் எடுத்தாத்தான் அது திரும்ப ஒட்டும். நீங்க அதுக்கு டைமே குடுக்கலையே" என்றாள்.

உன்னிடம் படித்தவளோ என்று நினைத்தேன். மனம் உன்னை அப்படித் தேடியது.

போன வியாழக்கிழமை வேறு வழியில்லாமல், ஊன்றுகோலோடு உன் வீட்டுக்குப் போனேன். கருமாதிக்குப் பிறகு அன்றுதான் போகிறேன். விமலா கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். முதலில் காலைப் பற்றி விசாரித்தாள். தேநீர் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்ணே. நீ வருவேன்னுதான் ஒவ்வொரு வியாழனும் தண்ணி கொதிக்க வச்சேன்."

எட்டு மாதமாக நான் அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவளுக்கு நீயும் இல்லை, நானும் இல்லை. இதை நீ இருந்து பார்த்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாயா?

அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மத்தியானம்வரை அவளோடு இருந்தேன். உன்னைப் பற்றியே பேசினோம். அழுதோம். உன் குறட்டையைச் சொல்லி ஒருமுறை சிரிக்கவும் செய்தாள்.

ஆறு வாரம் கழித்துத் திரும்ப ஓடுவேன், வாரத்துக்கு ஆறு நாள். வியாழக்கிழமை காலை விமலாவோடு இருப்பேன். கால் நன்றாக இருந்தாலும் போவேன் மச்சான்.

இப்படிக்கு,
விமலாவின் அண்ணன் குணா