கடல் தண்ணீருக்கு ஒரு மஞ்சள் பொட்டு

சம்பந்தி,

இன்று காலை எழுந்து பார்த்தால், கரைத்து வைத்த இட்லி மாவு பொங்கிச் சமையல் மேடை முழுக்க வழிந்து கிடந்தது. சித்திரை வெயில் அப்படி. அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் துடைக்கத் துணி எடுக்கத் தோன்றவில்லை. உங்கள் குரல்தான் முதலில் வந்தது.

"உங்க மாவு வெயிலுக்குப் புளிக்குது, என் கடலு மழைக்குப் புளிக்குது. இன்னா சம்மந்தி, எதிரும் புதிருமா கீது, நம்மள மாரியே."

என் மகன் உங்கள் மகளைக் கட்டிக்கொண்டதால் உறவானோம். நான் தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. நீங்கள் கோவளத்துக் கரை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பேத்தி. அவளுக்கு நீங்கள் ஆயா, நான் பாட்டி. மூக்கு யார் ஜாடை, முடி யார் ஜாடை என்று அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே நமக்குள் வழக்கு. படிப்பில் மட்டும் நாம் மோதிக்கொண்டதில்லை. நான் ஐந்தாவது, நீங்கள் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். "அது அவளா சம்பாரிச்சது, அதுல உங்களுக்கும் பங்கு இல்ல, எனக்கும் இல்ல" என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள். ஆனாலும் தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நம் பேத்தி கடலைப் படிக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் மீன் கூறுபோடும்போதே சொல்லுவீர்களாம்.

இந்தச் சமையலறையில் உட்கார்ந்துதான் அவள் அதைச் சொன்னாள். கரையோரத் தண்ணீரின் புளிப்பு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"கடலு கரிக்கும். எப்பம்மா புளிச்சுது?"

"நாக்குக்குத் தெரியாது ஆயா. மீட்டர் வெச்சாதான் தெரியும். அது புளிக்கிறதில்ல, புளிப்புப் பக்கமா கொஞ்சம் சாயும், அப்புறம் நிமிரும். ஒரே இடத்துல வருஷம் பூரா தண்ணி எடுத்துப் பார்க்கணும்."

"அப்ப நான் எதுக்குக் கீறேன்?"

அன்றிலிருந்து அமாவாசைதோறும் அது உங்கள் வேலை. ஆங்கிலத் தேதி உங்களுக்கு நிற்காது என்பதால் அவளே அமாவாசைக்கு ஒத்துக்கொண்டாள். பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழி நின்றாலும் அதிலிருக்கும் காற்று தண்ணீரை மாற்றிவிடும். நீங்கள் அதை அன்னக்கூடையில் சங்கரா மீனுக்கும் நண்டுக்கும் நடுவில் ஐஸில் புதைத்து, கேளம்பாக்கம் வழியாகப் பஸ் மாறி மாறிக் கொண்டுவருவீர்கள். கண்டக்டர் கேட்டால், "பேத்திக்குக் கடலு அனுப்புறேன், அதுக்கும் லக்கேஜா?" என்பீர்கள். இங்கே வந்ததும் பாட்டிலின் மேல் மாதத்தின் பெயரை எழுதுவது நான். என் ஐந்தாவது வகுப்புக் கையெழுத்து அவள் கல்லூரி அலமாரியில் வரிசையாக நிற்பதை ஒரு தடவை படம் பிடித்துக் காட்டினாள். அதை நான் யாரிடமெல்லாம் காட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் பாட்டில் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"ஆயா, இது கடல் தண்ணியா, ரசமா?"

"ஒரு சிட்டிகை மஞ்சத்தூளு போட்டேன் கண்ணு. பொண்ணு கட்டிக்குடுத்த வூட்டுக்கு வெறும் தண்ணிய எப்பிடி அனுப்புறது?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாம் போச்சு, வேற எடுக்கணும்" என்றாள். மறுநாளே வேறு தண்ணீர் கொண்டுவந்தீர்கள். உள்ளே சுத்தம். மூடியின் மேல் மட்டும் ஈர மஞ்சள் ஒரு பொட்டு. "வெளிய வெச்சா உன் மிசினு கோச்சுக்காதுல்ல?" என்று கேட்டீர்கள். அவள் உங்கள் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கப்புறம் பொட்டு இல்லாமல் ஒரு பாட்டில் வந்ததில்லை.

ஆடியில் ஒரு நாள், "கச்சான் காத்து கரையிலேந்து கடலுக்கு அடிக்குது. மேத்தண்ணி வெளிய போய் அடித்தண்ணி ஏறிக்கினு கீது. காலு வெறைக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்த மாதம் மீட்டரில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதாவது புளிப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. வெயில் படாத ஆழத்துத் தண்ணீரில் மக்கினதிலிருந்து வந்த காற்று கரைந்து கிடக்கும், அது மேலே வந்தால் இப்படித்தான் சாயும் என்று அவள் விளக்கினாள். "இது சின்னச் சாய்வு ஆயா. மழை வந்து முட்டுக்காட்டு முகத்துவாரம் திறந்துக்கிச்சுன்னா பெரிசா சாயும்னு நினைக்கிறேன். அதைப் பிடிச்சாதான் இந்த வேலைக்கே அர்த்தம்." "புடிச்சுக் குடுக்குறேன்" என்றீர்கள்.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். தீபாவளியைப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழை கொட்டியது. முகத்துவாரம் திறந்துகொண்டது என்று உங்கள் மகள் சொன்னாள். பேத்தி அசையவில்லை. "மழை மாசம் இல்லாமலே எழுதிடறேன் பாட்டி. அந்தக் கரையில ஆயா இல்லாம என்னால நிக்க முடியாது" என்றாள். அமாவாசையன்று விடிந்ததும் காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடலில் நான் கணுக்காலுக்கு மேல் நனைந்தவள் இல்லை, சம்பந்தி. நீங்கள் எத்தனை கேலி செய்திருக்கிறீர்கள். ஆற்றுத் தண்ணீர் கலந்து கரையெல்லாம் செம்மண் நிறம். மீன் விற்கும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

"தாம்பரத்து சம்மந்தியா? பாட்டிலு ரொப்பவா வந்தீங்க?"

ஆமாம் என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே இறங்கி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அது நிக்கிற எடம் இதான். குனிங்க, நான் வுட மாட்டேன்." நீங்கள் நின்ற மணலில் நின்றேன். முதலில் எடுத்ததில் ஒரு குமிழி நின்றது. கொட்டிவிட்டேன். அடுத்ததில் அலை என் தோள் வரை நனைத்தது. மூடியைத் தண்ணீருக்குள் திருகி, கவிழ்த்துப் பார்த்தேன். குமிழி இல்லை. அந்தப் பெண்ணே தன் கூடையிலிருந்து ஐஸ் அள்ளிப் பையில் போட்டாள்.

கிளம்பப் போனவள் நின்றேன். நீங்கள் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு அல்லவா இந்தத் தண்ணீர் போகிறது? மஞ்சளுக்கு எங்கே போவேன்? உங்கள் வீட்டுக்குள் போய் அடுக்களையைத் துழாவினேன். உங்கள் மஞ்சள் டப்பா அங்கேயே இருந்தது. மூடியில் ஒரு பொட்டு தொட்டு வைத்தேன், கொஞ்சம் கையோடு எடுத்தும் வந்தேன்.

ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து உங்கள் மகள் திட்டினாள். பேத்தி பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துக் குமிழி தேடினாள். அப்போதுதான் மூடி அவள் கண்ணில் பட்டது. விரலை அதன் மேல் வைக்கப் போனவள் வைக்கவில்லை, அழிந்துவிடும் என்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சாயந்திரம் கல்லூரியிலிருந்து போன் செய்தாள். "நல்லா சாஞ்சிருக்கு பாட்டி. ஆயா சொன்ன மாதிரியே புடிச்சுட்டோம்."

மாசியில் தண்ணீர் தெளிந்தது, எண் மறுபடி நிமிர்ந்தது. கடலுக்குத் திரும்பி வரத் தெரிகிறது. நான் இன்னமும் பஸ் ஸ்டாப்பில் அன்னக்கூடை தெரிகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

மார்கழியிலிருந்து அவளும் என்னோடு வருகிறாள். குனிந்து நிரப்புவது அவள், இடுப்பைப் பிடித்துக்கொள்வது நான். நாளை அமாவாசை. மேடையைத் துடைத்துவிட்டேன். உங்கள் டப்பாவிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.