மீனாவின் மோதிர விரல்

ஆவணி, செவ்வாய்க்கிழமை, இரவு.

மகள் மீனாவுக்குச் சொத்தைப் பல் பிடுங்கப் போடியில் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாயைப் பார்க்கும் முன்பே டாக்டரம்மா ஸ்கேலை எடுத்து அவளுடைய ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் அளந்தார்.

"பல்லுக்கு வந்த பிள்ளைக்கு விரல எதுக்கும்மா அளக்குறீங்க?"

"ஒரு ஆராய்ச்சிக்குத்தான், அக்கா. விரல் நீளத்துக்கும் பயத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்குறோம். இவளுக்கு மோதிர விரல் நீளம், பயப்படவே மாட்டா பாருங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அளந்தால் கண் படும் என்று நாங்கள் பிள்ளைகளின் உயரம்கூடப் பார்ப்பதில்லை. தைரியசாலி என்று மரப்பு ஊசியைக் குறைத்துவிட்டார்களோ? கேட்டேன். சரியாகத்தான் போட்டோம் என்றார்கள். பல்லைப் பிடுங்கும்போது மீனா முனகக்கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளை அப்படி இருக்குமா?

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து, அந்த விரல்களுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டேன். அப்போதுதான் கேட்டாள்.

"அம்மா, இனிமே அழுகலாமா?"

"ஏன் ஆத்தா, வலிச்சுச்சா?"

"ரொம்ப. நான் பயப்பட மாட்டேன்னு அவுங்க சொல்லிட்டாங்கள்ல, அதான் அழுகல."

அழுதபடியே தூங்கிவிட்டாள். இன்னொரு பல்லுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். முருகா, இந்த முறை அவர்கள் ஸ்கேலை எடுக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன், என் பிள்ளை பயப்படுவாள் என்று.